மருந்து ஸ்டார்ட்டரா, சாதா ஸ்டார்ட்டரா: ஒரே பொரிப்புக் குஞ்சுகளை ரெண்டாகப் பிரித்து வளர்த்த விவரம்

குஞ்சு இறக்கப்போகிறேன் என்று தீவனக் கடையில் சொன்னதும் வரும் முதல் கேள்வி, ஸ்டார்ட்டர், அதாவது குஞ்சுகளுக்கான முதல் தீவனம், மருந்து போட்டதா போடாததா என்பதுதான். கேரள எல்லையோரம் இருக்கும் வேலந்தாவளத்தில் நான் வாங்கும் கடையில் ரெண்டு மூட்டையும் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கியிருக்கும். கம்பெனி ஒன்று, கிரம்பிள்ஸின் நிறம் ஒன்று, விலையிலும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. "எதை எடுத்தாலும் ஒண்ணுதானுங்க அக்கா" என்பார் கடைத்தம்பி. அப்படி இல்லை. கொட்டகைத் தரையில் எவ்வளவு ஈரம் நிற்கிறது, குஞ்சு எங்கிருந்து வருகிறது, எத்தனை குஞ்சு ஒரே இடத்தில் நெருக்கிக் கிடக்கிறது, இந்த மூன்றையும் பார்த்துத்தான் மூட்டையை எடுக்க வேண்டும் என்பது என் கட்சி. அதைச் சோதித்துப் பார்க்கத்தான் போன ஆனிக் கடைசியில் ஒரே பொரிப்பில் வந்த நாட்டுக்கோழிக் குஞ்சுகளை நடுவில் தகரம் வைத்துப் பிரித்து, ஒரு பக்கம் மருந்துத் தீவனமும் மறு பக்கம் சாதாத் தீவனமுமாக வளர்த்தேன்.

மருந்து எதற்கு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இது வெள்ளைக்கழிச்சலுக்கான மருந்து இல்லை. சளிக்கும் இல்லை. ரத்தக்கழிச்சல் என்று நாம் சொல்லும் காக்சிடியோசிஸ் ஒன்றுக்குத்தான். ஐமீரியா என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி குடலுக்குள் புகுந்து, குடல் சுவரின் செல்களுக்குள்ளேயே பெருகி, அவற்றை வெடித்துக்கொண்டு வெளியே வரும். கோழிக்கென்றே முக்கியமாக 7 வகை ஐமீரியா உண்டு. ரத்தமாகப் போவது பெரும்பாலும் டெனெல்லா என்ற வகையால். எச்சத்தோடு வெளியே விழும் அதன் முட்டை உடனே நோய் தராது. ஈரமும் சூடும் காற்றும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் பக்குவமாகி, அடுத்த குஞ்சு கொத்தும்போது உள்ளே போய் வேலையைத் தொடங்கும். உள்ளே போனதிலிருந்து மறுபடி எச்சத்தில் வர 4 முதல் 7 நாள் ஆகும். குஞ்சு வளர்க்கும் புரூடர் அறைக்குள் சூடு நாமே கொடுக்கிறோம், காற்று இருக்கிறது. மிச்சம் ஈரம் மட்டும்தான். அதனால்தான் மூன்றாவது வாரத்திலிருந்து ஆறாவது வாரம் வரை இந்த நோய் இப்படி அடிக்கிறது. அதற்குள் அந்தச் சுற்று ரெண்டு மூன்று முறை ஓடி, தரையில் பரப்பியிருக்கும் கூளத்தில் அந்த முட்டை குவிந்துவிடும்.

ஃபினாயில் தெளித்தால் போய்விடும் என்று நம்புகிறவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர். போகாது. அந்த முட்டையின் ஓடு கெட்டி. நாம் வழக்கமாகத் தெளிக்கும் கிருமிநாசினிகளைத் தாங்கி நிற்கும். நன்றாகக் காயவைப்பதும் நெருப்பும் அமோனியாவும்தான் அதற்கு எமன். ஒரு பேட்ச் முடிந்ததும் கூளத்தை முழுக்க வாரித் தென்னந்தோப்புக் குழிக்கு அனுப்பிவிட்டு, சிமெண்டுத் தரையைக் காயவைத்து, ஃபிளேம் கன் வாடகைக்கு எடுத்து நெருப்புக் காட்டுகிறேன். சுண்ணாம்பு பூசுவது கூளத்தை உலர்த்தும் அளவுக்கு உதவும், அவ்வளவுதான்.

இனி மூட்டை. "மருந்து போட்டது" என்ற ஒரே பேச்சுக்குள் வேறு வேறு சரக்கு இருக்கிறது. மூட்டை வாயில் தைத்திருக்கும் துண்டுச் சீட்டையோ, பின்பக்க அச்சையோ படிக்க வேண்டும். எங்கள் பக்கம் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் அதிகம், மூட்டையில் இங்கிலீஷும் மலையாளமும்தான் இருக்கும். படிக்கத் தெரிந்த பிள்ளையைக் கூட்டிப்போயாவது படித்துவிடுங்கள். ஆம்ப்ரோலியம் என்று இருந்தால் ஒரு மாதிரி. சாலினோமைசின், மோனென்சின், மதுராமைசின் என்று இருந்தால் வேறு மாதிரி. நான் நாட்டுக்குஞ்சுக்குத் தேடுவது ஆம்ப்ரோலியம் போட்டதைத்தான். 1960 வாக்கில் வந்த பழைய மருந்து. வைட்டமின் பி1, அதாவது தயமின் போலவே அதன் அமைப்பு இருக்கும். ஒட்டுண்ணி தயமின் என்று நினைத்து இதை எடுத்துக்கொண்டு, நிஜ தயமின் கிடைக்காமல் பட்டினி கிடந்து ஒடுங்கும். குஞ்சின் உடம்பை விட ஒட்டுண்ணிக்கு இந்த ஏமாற்று பல மடங்கு அதிகம் பிடிக்கிறது என்பதால், தீவனத்தில் சேர்க்கும் அளவில் குஞ்சுக்குத் தொந்தரவு இல்லை. வழக்கமான அளவு 125 பிபிஎம், அதாவது ஒரு டன் தீவனத்துக்கு 125 கிராம். அந்த அளவில் ஒட்டுண்ணி அடியோடு அழிந்துபோகாது, அடங்கி இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாகத் தொற்று உள்ளே போய்வரும்போதே குஞ்சின் உடம்பு எதிர்ப்பைக் கற்றுக்கொள்ளும். மருந்துத் தீவனம் நமக்கு வாங்கித் தருவது அந்த அவகாசத்தைத்தான்.

பிராய்லர் பிரீ ஸ்டார்ட்டரில் வருவது பெரும்பாலும் சாலினோமைசின் வகையறா. அவை கோழிக்குச் சரியான அளவில் நல்ல மருந்துகள்தான். ஆனால் பல இனம் சேர்ந்து வளரும் வீட்டில் ஆபத்து. மோனென்சின் கின்னிக்கோழியையும் வளர்ந்த வான்கோழியையும் கொல்லும். சாலினோமைசினும் வளர்ந்த வான்கோழிக்கு ஆகாது. குதிரைக்கு ரெண்டுமே விஷம், நாய்க்கும் கெடுதல். தோப்பு வீட்டில் கோழி, வான்கோழி, கின்னி, காவல் நாய் எல்லாம் ஒரே தட்டைச் சுற்றி நிற்பது சகஜம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். இன்னொன்று: சளிக்கு டயமுலின் கொடுக்கும்போது தீவனத்தில் மோனென்சினோ சாலினோமைசினோ இருந்தால் ரெண்டும் சேர்ந்து கோழியையே சாய்த்துவிடும். மருந்துக்கடையில் டயமுலின் வாங்கும் முன் வீட்டு மூட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

எங்கள் ஊர் ஈரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் விடை அதில்தான் பாதி இருக்கிறது. சித்தூர் தாலுக்காவின் கிழக்கு ஓரம் இது. கொழிஞ்சாம்பாறை, எருத்தேன்பதி, வடகரப்பதி எல்லாம் மழைமறைவு. பாலக்காட்டு மேற்கில் கொட்டோ கொட்டென்று கொட்டும்போது எங்களுக்குக் கணவாய்க் காற்றும் சாரலும்தான். பெரிய மழை ஐப்பசியில்தான். ஆனால் அந்த ஆனி, ஆடிச் சாரல் இருக்கிறதே, அது நனைக்காது, காயவும் விடாது. கொட்டகைக்குள் கூளம் காலையில் எப்படி இருந்ததோ அப்படியே சாயங்காலமும் சில்லென்று கிடக்கும். என் நாத்தனார் நென்மாறையில் இருக்கிறார், இதே தாலுக்காதான், நெல்லியாம்பதி அடிவாரம். அங்கே நிஜ மழை. அவர் வருசம் முழுக்க மருந்து ஸ்டார்ட்டர் தவிர வேறு தொடுவதில்லை. அவருக்கு அது சரி. மாசி, பங்குனியில் இங்கே என் கொட்டகையில் கூளம் அப்பளம்போல் காய்ந்து கிடக்கும், அப்போது இறக்கும் பேட்சுக்கு நான் சாதாவே போடுகிறேன், ரத்தக்கழிச்சல் எட்டிப்பார்ப்பதில்லை. ஒரே தாலுக்காவில் ரெண்டு விடை.

பிரித்து வளர்த்த ஏற்பாடு இதுதான். நூறு குஞ்சு, சிறுவிடை என்ற நாட்டு ரகம். அதே பொரிப்பகம், அதே நாள். மாரெக்ஸ் என்ற வைரஸ் நோய்க்கான தடுப்பு ஊசி அங்கேயே போட்டு அனுப்பிவிட்டார்கள். கொட்டகைத் தரையில் ரெண்டு அங்குலத்துக்குக் கடலைப்பொட்டு, அதாவது நிலக்கடலைத் தோல், பரப்பினேன். தேங்காய் நார்த்தூள் எங்களுக்குச் சும்மாவே கிடைக்கும், ஆனால் அது தண்ணீரைக் குடித்துப் பிடித்து வைத்துக்கொள்ளும் சரக்கு, சாரல் மாதத்தில் நான் அதைத் தொடுவதில்லை. நடுவில் ஒன்றரை அடி உயரத் தகரம். பக்கத்துக்கு ஐம்பது குஞ்சு, குஞ்சுக்கு 2 வாட் கணக்கில் பக்கத்துக்கு 100 வாட் குண்டு பல்பு. முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைத்துக்கொண்டே வந்தேன். தீவனம் ரெண்டு பக்கமும் ஒரே கம்பெனி ஸ்டார்ட்டர், 20 சதவீதப் புரதம். ஒன்றில் ஆம்ப்ரோலியம் உண்டு, ஒன்றில் இல்லை. ஒரு பக்கக் கூளம் காலோடு ஒட்டிக்கொண்டு மறு பக்கம் போகக் கூடாது என்று பக்கத்துக்கு ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. வெள்ளைக்கழிச்சலுக்கு 7ஆம் நாள் கண்ணில் சொட்டும், 14ஆம் நாள் கம்போரோ என்ற வைரஸ் நோய்க்கான சொட்டும் ரெண்டு பக்கத்துக்கும் ஒன்றாக. தீவனத்தில் இருக்கும் ஆம்ப்ரோலியம் அந்தத் தடுப்பு மருந்துகளைக் கெடுக்காது. அவை வைரஸ் சமாச்சாரம்.

முதல் ரெண்டு வாரம் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரித் தின்றன, ஒரே மாதிரி இறகு வைத்தன.

மூன்றாவது வாரத்தில் தினமும் காலையில் பல்புக்கு அடியில் செய்தித்தாள் விரித்து, அரைமணி கழித்து எடுத்து வெளிச்சத்தில் பார்ப்பதை வழக்கமாக வைத்திருந்தேன். எச்சத்தைப் படிக்கத் தெரிவது எந்த மூட்டையை விடவும் பெரிது, அதனால் கண்டதைக் கண்டபடி எழுதுகிறேன். நல்ல எச்சம் சாம்பல் பச்சை உருண்டை, மேலே வெள்ளைத் தொப்பி. அதற்கிடையே நாளுக்குச் சில தடவை காபிப்பொடி நிறத்தில் பிசுக்காக, மூக்கைத் துளைக்கும் நாற்றத்தோடு ஒன்று வரும். அது குருட்டுக்குடல் காலியாவது, நோய் இல்லை. அதைப் பார்த்துப் பயந்து மருந்து கரைத்தவர்களை எனக்குத் தெரியும். சில நாள் ஆரஞ்சு நிறத்தில் மெல்லிய சவ்வுத் துணுக்கு வரும். குடலின் உள்தோல் உரிந்து விழுவது, குஞ்சு சுறுசுறுப்பாக இருந்தால் அதையும் விட்டுவிடலாம். கவலைப்பட வேண்டியது வேறு: தாளில் சிவப்பு ஈரம் பரவி, ஓரத்தில் ரோஸ் வட்டம் கட்டியிருந்தால், அல்லது எச்சமே ஜெல்லி போட்ட ரத்தக்கட்டியாக இருந்தால், அதுதான்.

சாதாப் பக்கத்தில் அது வந்தது. முந்தின நாளே ஒரு சாடை தெரிந்தது, தீவனத் தட்டில் மிச்சம் நின்றது. அடுத்த காலை ரெண்டு குஞ்சு தோள் இறக்கி, இறக்கை தொங்க, கண்ணை மூடிக்கொண்டு பல்புக்கு நேர் கீழே நின்றன. அறை சூடு சரியாகத்தான் இருந்தது. தாளில் மூன்று இடத்தில் ரோஸ் வட்டம். மதியத்துக்குள் ஒன்று செத்துவிட்டது.

செத்த குஞ்சை எடுத்துக்கொண்டு பஞ்சாயத்து மிருகாஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் தொட்டி மேலேயே அறுத்துக் காட்டினார். குடலின் கடைசிப் பகுதியில் ஜோடியாகத் தொங்கும் ரெண்டு பைதான் குருட்டுக்குடல். இயல்பாக இருந்தால் மெல்லியதாக, பச்சை பழுப்பாக, தட்டையாக இருக்கும். இதில் ரெண்டும் வீங்கிக் கருஞ்சிவப்பாக, சுவர் வழியாகவே புள்ளி புள்ளியாக ரத்தம் தெரிந்தது. கத்தி நுனியால் கீறியதும் உறைந்த ரத்தம் திரியாக வந்தது. எச்சத்தை ஸ்லைடில் வைத்து மைக்ராஸ்கோப்பில் என்னையும் பார்க்கச் சொன்னார். ஓரம் தெளிவாக வரைந்த முட்டை வடிவங்கள், வட்டம் முழுக்க.

"தீவனத்தை மாத்துறதா டாக்டர்?" என்று கேட்டேன்.

"இப்ப தீவனத்தை நம்ப வேண்டாம். சீக்குக் குஞ்சு தின்னாது, தண்ணி குடிக்கும். தண்ணியில குடுக்கணும்" என்றார்.

இதுதான் பலர் தவறவிடும் இடம். தீவனத்தில் இருக்கும் 125 பிபிஎம் தடுப்பதற்கான அளவு. நோய் வந்தபின் அது போதாது, அதைத் தின்னவும் குஞ்சுக்குத் தெம்பிருக்காது. 20 சதவீத ஆம்ப்ரோலியம் பவுடர் லிட்டருக்கு 1.2 கிராம் கணக்கில், 25 லிட்டருக்கு 30 கிராம், 5 நாள் தரச் சொன்னார். பிறகு அதில் கால் பங்கு அளவு இன்னும் ஒரு வாரம். வேறு தண்ணீர் கண்ணில் படக் கூடாது, தினமும் புதிதாகக் கரைக்க வேண்டும். சாதாப் பக்கம் முழுவதற்கும் கொடுத்தேன், சீக்கானதற்கு மட்டும் இல்லை. ஒன்று தாளில் ரத்தம் காட்டும்போது மற்றவை உள்ளே சுமந்துகொண்டிருக்கும். அடுத்த ரெண்டு நாளில் இன்னும் சில செத்தன, அவை ஏற்கனவே குடல் கிழிந்தவை. பிறகு நின்றது. பிழைத்தவற்றில் சில மற்றவற்றை விட இளைத்தே வளர்ந்தன. குடல் சுவர் தழும்பு பட்டால் தின்றது ஒட்டாது.

மருந்துப் பக்கம் என்ன ஆனது? அங்கே இந்த நோயால் ஒன்றும் சாகவில்லை. ஆனால் அங்கும் ரோஸ் வட்டம் ஒன்றைப் பார்த்தேன் என்பதையும் எழுத வேண்டும். அந்தப் பக்கத்துத் தண்ணீர்க் குப்பி ஒன்று செங்கல் மேல் சாய்ந்து, சுற்றிலும் ஒரு முறம் அகலத்துக்குக் கூளம் நனைந்து கட்டி பிடித்திருந்தது. குஞ்சுகள் அதில்தான் நின்று கிளறிக்கொண்டிருந்தன. அந்த ஈரக் கூளத்தை வாரி வெளியே கொட்டி, புதுப் பொட்டு போட்டு, குப்பியைக் குஞ்சின் முதுகு உயரத்துக்குத் தூக்கி வைத்ததும் அடங்கியது. ஈரத்தில் முட்டை குவிந்தால் 125 பிபிஎம் தாங்காது. கூளத்தைக் கைப்பிடி எடுத்து இறுக்கிப் பாருங்கள். விரித்ததும் உதிர்ந்தால் நல்லது, உருண்டையாக நின்றால் எந்த மூட்டை போட்டும் பலனில்லை.

இப்போது வைட்டமின் டானிக் பற்றி. இதை எந்தக் கடையிலும் சொல்லமாட்டேன் என்கிறார்கள், எனக்கு மனசு கேட்பதில்லை. குஞ்சு வந்த முதல் வாரம் பி காம்ப்ளக்ஸ் கரைத்துக் கொடுப்பது எல்லோருக்கும் பழக்கம். அதில் பி1 இருக்கிறது. ஆம்ப்ரோலியம் வேலை செய்வதே பி1 கிடைக்கவிடாமல் செய்வதால்தான். ஒரு கையால் ஒட்டுண்ணியைப் பட்டினி போட்டு, மறு கையால் அதற்கே பந்தி வைப்பதாகிவிடும். ரத்தக்கழிச்சலுக்கு ஆம்ப்ரோலியமும் "தெம்புக்கு" பி காம்ப்ளக்ஸும் சேர்த்துக் கொடுத்து, மருந்து கேட்கவில்லை என்று வருத்தப்பட்டவர்கள் இந்தப் பக்கம் எத்தனையோ பேர். ஆம்ப்ரோலியம் ஓடும் நாட்களில் டானிக்கை நிறுத்துங்கள். முடித்தபின் கொடுங்கள், அப்போது நல்லது. வைட்டமின் ஏ, கே தனியாக இருந்தால் இடையிலும் தரலாம், ரத்தம் போன குடலுக்கு உதவும். அதேபோல மருந்துத் தீவனமும் போட்டு, நோயே இல்லாமல் வாரக்கணக்கில் தண்ணீரிலும் ஆம்ப்ரோலியம் கரைத்தால், குஞ்சுக்கே பி1 குறைந்து கால் தளரும், கழுத்து பின்னால் வளைந்து வானத்தைப் பார்க்கும்.

அடுத்தது நொய். தீவனச் செலவைக் குறைக்க ஸ்டார்ட்டரில் பாதி அரிசி நொய்யோ உடைத்த மக்காச்சோளமோ கலப்பது இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. சாதாத் தீவனத்தில் அப்படிக் கலந்தால் புரதம் குறையும், வளர்ச்சி பிந்தும், அதோடு சரி. மருந்துத் தீவனத்தில் கலந்தால் மருந்தும் பாதியாகிறது. 125 என்பது 62 ஆகிவிடும். மருந்து போட்டதைத்தான் போடுகிறேன் என்ற தைரியம் மட்டும் முழுசாக இருக்கும். முதல் எட்டு வாரம் மருந்துத் தீவனம் என்று முடிவெடுத்தால் அது ஒன்றை மட்டும் போடுங்கள். கலக்கத்தான் வேண்டும் என்றால் சாதா வாங்கிக் கலந்துகொண்டு, கூளத்தைக் காயவைப்பதில் உழைப்பைப் போடுங்கள். முட்டைக்கோழித் தீவனத்தைக் குஞ்சுக்கு வைப்பதும் கூடவே நடக்கிறது. அதில் சுண்ணாம்புச் சத்து 3 சதவீதத்துக்கு மேல் இருக்கும், குஞ்சின் சிறுநீரகம் அதைத் தாங்காது.

என் மாமியார் இந்தப் பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டே தன் அடைக்கோழியோடு பத்துப் பன்னிரண்டு குஞ்சுகளைத் தோப்பில் மேயவிடுவார். மூட்டைத் தீவனமே கிடையாது. பழஞ்சாணியும் கிழிந்த சாக்கும் திணித்த மண்சட்டியைச் சாயங்காலம் ஈரம் தெளித்துக் கவிழ்த்து வைத்து, விடிந்ததும் எடுத்துக் குஞ்சுகள் முன்னால் தட்டினால் கரையான் கொட்டும். அந்தக் குஞ்சுகளுக்கு அதை விடப் பெரிய ஸ்டார்ட்டர் இல்லை.

"ஏம்மா, எங்குஞ்சுக்கு எந்த மருந்தக் கண்டே?" என்பார்.

"உங்க குஞ்சு நடந்துக்கிட்டே இருக்குதுங்க அத்தை, எங்குஞ்சு ஒரே எடத்துல நிக்குது" என்பேன்.

அவர் குஞ்சுகளுக்கு மருந்துத் தீவனம் தேவையில்லை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஒரு ஏக்கர் தோப்பில் எச்சம் பரந்து விழுகிறது, வெயில் படுகிறது. தாய் கிளறும் மண்ணிலிருந்து முதல் வாரத்திலிருந்தே ரெண்டொரு முட்டை உள்ளே போய் எதிர்ப்பு தானாக வந்துவிடுகிறது. அதே குஞ்சுகளை ஐப்பசி மழையில் பஞ்சாரத்துக்குள் ஒரே இடத்தில் நாலு நாள் கவிழ்த்து வைத்தால் கதை மாறும். அதனால் மழை நாளில் பஞ்சாரத்தைத் தினமும் இடம் மாற்றச் சொல்லியிருக்கிறேன், மாற்றுகிறார்.

இதற்கு நேர் எதிரான ஒன்று கம்பி வலைத் தரையில் வளர்ந்த குஞ்சு. கேரளப் பஞ்சாயத்துகள் எக்கர் நர்சரிகள் எனப்படும் குஞ்சு வளர்ப்புப் பண்ணைகளிலிருந்து 45 முதல் 60 நாள் முட்டைக்கோழிக் குஞ்சுகளை வாங்கிக் குடும்பங்களுக்குக் கொடுக்கின்றன. நல்ல திட்டம், நானும் வாங்கியிருக்கிறேன். வலைத் தரையில் எச்சம் கீழே போய்விடும், குஞ்சு அதைத் தொடாது. அதனால் அங்கே நோய் இல்லை, எதிர்ப்பும் இல்லை. வீட்டுக்கு வந்து மண்ணில் இறங்கிய ரெண்டாவது வாரம் ரத்தம் போக ஆரம்பித்தால் "பஞ்சாயத்துக் குஞ்சு சீக்குக் குஞ்சு" என்று பேர் ஆகிவிடுகிறது. மூன்று வாரக் குஞ்சுக்கு வர வேண்டியது அதற்கு எட்டு வாரத்தில் வருகிறது, அவ்வளவுதான். வாங்கும்போது தரையில் வளர்ந்ததா வலையில் வளர்ந்ததா என்று கேளுங்கள். வலை என்றால் மண்ணில் இறக்கும் முதல் மூன்று நாலு வாரத்துக்கு ஆம்ப்ரோலியம் போட்ட குரோயர் தீவனம், அதாவது வளர்ந்த குஞ்சுக்கான தீவனம், வையுங்கள்.

பாலக்காட்டிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் கோழி வாங்க வருகிறவர்கள் "மருந்தே போடாத நாடன் கோழியா?" என்று கேட்பார்கள். நான் மறைப்பதில்லை. எட்டு வாரம் வரை மழைக்கால பேட்சுக்கு ஆம்ப்ரோலியம் தீவனம், அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை, விற்பது ஐந்து மாதத்துக்கு மேல். ஆம்ப்ரோலியம் ஆன்டிபயாடிக் இல்லை, மனிதர்களுக்கு எந்தச் சீக்குக்கும் அதைக் கொடுப்பதில்லை. அவர்கள் பயப்படுவது வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பதைப் பற்றி. அந்தப் பயம் நியாயமானது. மனிதர்களுக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருந்த கொலிஸ்டினைக் கோழிக்கும் மாட்டுக்கும் கொடுக்கக் கூடாது என்று 2019 ஜூலையில் மத்திய அரசு தடை போட்டது. மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகளைத் தடுக்க என்றே கேரளம் 2018லேயே கார்சாப் என்ற செயல்திட்டத்தைக் கொண்டுவந்தது. அதனால் மூட்டைச் சீட்டில் ஆம்ப்ரோலியத்தோடு குளோர்டெட்ராசைக்ளினோ டைலோசினோ போன்ற ஆன்டிபயாடிக் சேர்ந்து எழுதியிருந்தால் அந்த மூட்டையை நான் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். கடைத்தம்பிக்கு முதலில் புரியவில்லை. இப்போது அவரே சீட்டைப் படித்துவிட்டு, "இது வேண்டாமுங்க அக்கா, உங்குளுக்கு ஆவாது" என்று எடுத்து வைக்கிறார். முட்டை விடும் கோழிக்குப் பிராய்லர் தீவனம் மிச்சம் இருக்கிறதே என்று போடுவதும் வேண்டாம். அதில் நிகார்பாசின் என்ற ரத்தக்கழிச்சல் மருந்து இருந்தால் பழுப்பு முட்டை வெளுத்து வரும், அடை வைத்தால் பொரிப்பும் குறையும்.

மூட்டையைத் திறந்தபின் ஒரு மாதத்துக்குள் தீர்க்கும் அளவுக்கே வாங்குகிறேன். சாரல் காலத்தில் தரையில் வைத்த மூட்டை அடியில் பூசணம் பிடிக்கும், அந்த விஷத்துக்கு எந்த மருந்துத் தீவனமும் பதில் இல்லை. மரப்பலகை மேல், சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி.

ஐப்பசிக்கு இறக்கப்போகும் பேட்சுக்கு ஆம்ப்ரோலியம் ஸ்டார்ட்டர் சொல்லிவைத்திருக்கிறேன், ஆறாவது வாரத்திலிருந்து ஒரு வாரம் முழுக்க சாதாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கலந்து மாற்றப்போகிறேன். அந்த வாரத்தில் கூளம் உருண்டை பிடித்தால் மாற்றத்தை எட்டாவது வாரத்துக்குத் தள்ளுவேன். குஞ்சுக்கு முன்பணம் கட்டும் முன் பொரிப்பகத்தில் ஒன்று கேட்க இருக்கிறது: காக்சிடியோசிஸ் தடுப்பு மருந்து கொடுத்த குஞ்சா என்று. நாட்டுக்குஞ்சுக்கு இங்கே பெரும்பாலும் கொடுப்பதில்லை, ஆனால் பெரிய ஹேச்சரிகளில் சில வகைக் குஞ்சுகளுக்குக் கொடுக்கிறார்கள். அது உயிருள்ள ஐமீரியாவைக் கொஞ்சமாகக் கொடுத்து எதிர்ப்பை வரவழைக்கும் தடுப்பு மருந்து. அந்தக் குஞ்சுக்கு மருந்துத் தீவனம் வைத்தால் கொடுத்த தடுப்பு மருந்தையே கொன்றுவிடும். ஆம் என்று சொன்னார்களானால் எவ்வளவு சாரல் அடித்தாலும் சாதா மூட்டைதான்.